நாற்பதில் பதினொன்று

பதினொன்றாவது பிஸ்டலும் பாதி வழியில் நின்றது.

ஆய்வறையின் நீள மேசைக்கு முன்னால் நின்றவள் அதன் ஸ்லைடைக் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தாள். நகரவில்லை. கொஞ்சம் அழுத்தினாள். கர்ரென்று முனகிவிட்டுப் போனது. திரும்பி வரும்போது அதே இடத்தில் மறுபடி நின்று மூச்சு வாங்கியது.

"செல்லாது" என்றாள்.

பன்னிரண்டு வருடமாக அந்த அறையில் அவள் அதிகம் சொன்ன சொல் அதுதான். அதனால் தொழிற்சாலை முழுக்க அவளுக்குச் செல்லாதக்கா என்றே பெயர். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அக்கா என்றுதான் சொன்னார்கள். கையில் முத்திரை வைத்திருப்பவரிடம் வயதுக் கணக்கு பார்ப்பது புத்திசாலித்தனம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

முத்திரை என்றால் விரல் நீளத்துக்கு ஓர் எஃகுத் துண்டு. அதன் முனையில் ஒரு குட்டி நட்சத்திரம். அவள் பார்த்துத் தேறிய பிஸ்டலில் சுத்தியலால் ஒரே தட்டு. நட்சத்திரம் விழுந்தால்தான் அது வாசலைத் தாண்டும். விழாவிட்டால் மேலே யார் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது வெறும் இரும்பும் பிளாஸ்டிக்கும்தான்.

அன்று மேசையில் இருந்தவை நாற்பது. காவல்துறைக்குப் போக வேண்டிய இருநூறில் முதல் நாற்பது. கைப்பிடியும் அடி உடலும் சேர்ந்த ஃப்ரேம், கெட்டியான கறுப்புப் பிளாஸ்டிக். அதன் மேல் முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு, எஃகு. பிளாஸ்டிக்கில் எஃகு நேரடியாக ஓடினால் இரண்டே நாளில் தேய்ந்துவிடும். அதற்காக ஃப்ரேமை வார்க்கும்போதே உள்ளே நான்கு எஃகு நாக்குகளைப் புதைத்து வைப்பார்கள். ஸ்லைடின் இரண்டு பக்கமும் நீளமாக ஒரு பள்ளம், அதுதான் காடி. நாக்கு காடிக்குள் நுழைய வேண்டும், ஸ்லைடு வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். அவ்வளவுதான் விஷயம். இருபத்தொன்பது ஓடின. பதினொன்று முரண்டு பிடித்தன.

கதவு திறந்தது. மேனேஜர் உள்ளே வருவதற்கு முன்னால் அவருடைய மணிக்கட்டு உள்ளே வந்தது. வந்து நான்கு மாதம்தான் ஆகிறது என்றாலும் அவருக்கும் பெயர் வைத்துவிட்டார்கள். கடிகாரம்.

"எத்தனை?"

"நாப்பதுல பதினொண்ணு சார்."

"யார் தப்பு?"

"இன்னும் தெரியல."

"ஸ்லைடு செக்‌ஷன் தலைவர் யாரு?"

"தெரிஞ்சுக்கிட்டே கேக்கறீங்களே சார்."

"உங்க வாயால கேக்கணும்."

"எங்க வீட்டுக்காரர்."

"ஃப்ரேம் செக்‌ஷன்?"

"என் தம்பி."

"ரொம்ப நல்லது. இதையெல்லாம் சரி பார்க்கறது?"

"நான்தான்."

"இது ஃபேக்டரியா, இல்ல உங்க கல்யாண ஆல்பமா?"

அவள் சிரிக்கவில்லை. கடிகாரமும் சிரிக்கவில்லை. மேசை ஓரத்தில் இருந்த குறைபாட்டு அறிக்கைப் படிவத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"இதுல ரெண்டு கட்டம் இருக்கு. ஸ்லைடு, ஃப்ரேம். நாளைக்கு சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள ஏதாவது ஒரு கட்டத்துல டிக் வேணும். டிக் விழுந்த செக்‌ஷன் தலைவர் மூணு மாசம் திரும்ப மெஷினுக்குப் போவார். அது விதி, நான் போட்டது இல்ல. வீட்டுல சண்டை வரும்னு ரெண்டையும் காலியா விட்டீங்கன்னா, முத்திரையை என் மேசையில வெச்சிடுங்க. யாருக்கும் அக்காவாவோ மனைவியாவோ இல்லாத ஒருத்தரை வெளியில இருந்து கூட்டிட்டு வரேன்."

மணிக்கட்டு முதலில் வெளியேறியது. பின்னால் அவர்.

*

தொழிற்சாலையில் ஸ்லைடு கூடத்துக்கும் ஃப்ரேம் கூடத்துக்கும் நடுவே இருபதடி நீளத்தில் ஒரு நடைவழி. அதற்கு எல்லை என்று பெயர். ஒரு பக்கம் எண்ணெய் வாசனை, மறுபக்கம் உருகிய பிளாஸ்டிக் வாசனை. இந்தப் பக்கத்து ஆட்கள் அந்தப் பக்கத்தாரை டப்பாக்காரர்கள் என்பார்கள். அவர்கள் இவர்களைப் பழைய இரும்பு என்பார்கள். தலைவர்கள் இருவரும் மாமனும் மச்சானும் என்பதால் கிண்டலுக்கு முறைப்படி அனுமதி கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. கணவனுக்கு இரும்பு என்றும் தம்பிக்கு டப்பா என்றும் பெயர் நிலைத்துவிட்டது.

ஆள் அனுப்பிய ஐந்தாவது நிமிடம் இருவரும் ஆய்வறையில் நின்றார்கள்.

"வாங்க மச்சான்" என்றார் இரும்பு. "உங்க பிளாஸ்டிக் வளைஞ்சிடுச்சாமே. பாவம், வெயில்ல காய வெச்சீங்களா?"

"மாமா, உங்க காடிக்குள்ள என்ன, மண்ணு இருக்கா? தூர் வாரி எத்தனை நாளாச்சு?"

"இதோ பார்." இரும்பு ஒரு பிஸ்டலை எடுத்து, அதன் ஃப்ரேமை மேசை ஓரத்து வைஸின் தாடைகளுக்கு நடுவே வைத்து, திருகை இறுக்கிச் சுழற்றினார். ஸ்லைடைத் தள்ளினார். அசையவே இல்லை. "பார்த்தியா? முழுசா நின்னுடுச்சு."

"கழுத்தை நெரிச்சுக்கிட்டே ஏன்டா பேச மாட்டேங்கறேன்னு கேப்பீங்களா மாமா? அது இரும்பு இல்ல, பிளாஸ்டிக். வைஸ்ல போட்டு நசுக்கினா நீங்களும்தான் வளைவீங்க."

"எடுங்க அதை" என்றாள் அவள்.

இரும்பு எடுத்தார். ஆய்வறையில் அவர் கணவர் இல்லை. சரக்கு கொண்டு வருகிறவர். அது இருவருக்கும் பழகிய ஏற்பாடு.

அவள் முரண்டு பிடித்த பதினொன்றையும் கழற்றினாள். அந்த ஸ்லைடுகளை, நன்றாக ஓடிய ஃப்ரேம்களில் மாட்டினாள். பதினொன்றும் எண்ணெயில் விட்ட மாதிரி ஓடின.

இரும்பு நெஞ்சை நிமிர்த்தினார். "என் புள்ளைங்க மேல சந்தேகப்பட்டீங்களே!"

டப்பாவின் முகம் சுருங்கியது. அவள் அலமாரியைத் திறந்து, போன லாட்டில் மாதிரிக்கு எடுத்து வைத்திருந்த பழைய ஸ்லைடு ஒன்றை எடுத்தாள். முரண்டு பிடித்த ஃப்ரேம்களில் ஒவ்வொன்றாக மாட்டினாள். பதினொன்றிலும் ஓடியது.

"மாமா" என்றான் டப்பா மெதுவாக, "நெஞ்சை இறக்கிக்கலாம்."

ஸ்லைடும் நல்லது. ஃப்ரேமும் நல்லது. சேர்ந்தால் மட்டும் சிக்கல். அவள் கேஜை எடுத்தாள். அது இரண்டு முனை உள்ள அளவுக்கட்டை. ஒரு முனை காடிக்குள் நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. நாக்குக்கும் அதே மாதிரி தனியாக ஒன்று. இரண்டு முனையும் சொன்னபடி நடந்துகொண்டால் பொருள் வரைபடத்துக்குள் இருக்கிறது என்று அர்த்தம். நாற்பது ஸ்லைடும் தேறின. நாற்பது ஃப்ரேமும் தேறின.

"அப்போ தப்பு யார்மேலயும் இல்ல" என்றார் இரும்பு.

"அப்படி ஒரு கட்டம் படிவத்துல இல்ல" என்றாள் அவள்.

*

அன்று மாலை வீட்டில் காபி டம்ளரை வைத்துக்கொண்டு இரும்பு தன் மனைவியைச் சுற்றிச் சுற்றி வந்தார். வேலை செய்கிற இடத்தில் கேட்க முடியாததை வீட்டில் கேட்கலாம் என்பது அவர் எண்ணம்.

"சும்மா கேக்கறேன். டிக் எனக்கா?"

"ஏன், பயமா?"

"எனக்கென்ன பயம்? பதினெட்டு வருஷம் மெஷின்ல நின்னவன். திரும்பப் போய் நிக்கறதுல ஒண்ணும் இல்ல." ஒரு மடக்கு குடித்தார். "முட்டிதான் கொஞ்சம் வலிக்கும். இடது முட்டி. வலது முட்டியும்."

"தம்பிக்குப் போட்டா எங்கம்மா மூணு மாசம் என்கிட்ட பேச மாட்டாங்க. உங்களுக்குப் போட்டா உங்கம்மா மூணு மாசம் நிறுத்தாம பேசுவாங்க. எது நல்லதுன்னு யோசிச்சிட்டு இருக்கேன்."

இரும்பும் யோசித்தார். நேர்மையான மனிதர். "எங்கம்மாவை நினைச்சா, மச்சான் பேரையே போட்டுடலாம்னு தோணுது" என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். ஆனால் சிரிப்பு பாதியிலேயே நின்றது. யாரோ வெளியாள் வந்து அந்த மேசையில் உட்காருவது கண்ணுக்குள் வந்தது. கேஜ்களை எந்த வரிசையில் அடுக்குவான்? துடைத்து வைப்பானா? முத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போய்விடுகிற ஆளாக இருந்தால்? பன்னிரண்டு வருடத்தில் அவள் நட்சத்திரம் விழுந்த ஒரு பிஸ்டல்கூடத் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெயரை ஒரு டிக்குக்காகக் கொடுத்துவிட முடியாது. அதற்காகத் தெரியாத தப்புக்கு டிக் போடவும் முடியாது.

*

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கே அவள் ஆய்வறையில் இருந்தாள்.

நேற்று தேறியவற்றையே மறுபடி கேஜ் போட்டாள். இந்த முறை கண்ணால் பார்க்காமல் விரலால் கேட்டாள். கேஜ் காடிக்குள் நுழைந்தது. நுழைந்த விதம்தான் சரியில்லை. நிரம்பி வழிகிற பஸ்ஸில் கடைசியாக ஏறியவர் மாதிரி, ஏறிவிட்டார், ஆனால் கதவு சாத்தவில்லை. அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

கேஜுக்கு இரண்டே பதில் தெரியும். சரி, சரியில்லை. எவ்வளவு சரி என்று கேட்டால் அதற்குச் சொல்லத் தெரியாது.

அவள் கேஜைக் கீழே வைத்துவிட்டு, எண் காட்டும் மைக்ரோமீட்டரை எடுத்தாள். சாதாரணமாக இத்தனை சரக்கை அதில் அளப்பதில்லை, நேரம் தின்னும். ஒரு காகிதத்தில் கோடு போட்டு, நாக்குகளின் தடிமனை எழுதத் தொடங்கினாள். வரைபடத்தின்படி இரண்டு மில்லிமீட்டரில் இருந்து, அதற்கு மேல் மில்லிமீட்டரில் நூறில் ஆறு பங்குவரை இருக்கலாம்.

முதல் ஃப்ரேம், ஆறு. இரண்டாவது, ஆறு. மூன்றாவது, ஆறு. பத்தாவதில் ஓர் ஐந்து வந்தபோது தூரத்து உறவினரைப் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு மறுபடி ஆறு, ஆறு, ஆறு. எல்லாம் வரைபடத்துக்குள்தான். ஆனால் எல்லாம் மேல் ஓரத்தில்.

போன லாட் பதிவேட்டின் ஓரத்தில் அவள் எப்போதோ அளந்து எழுதிய இரண்டு மூன்று எண்கள் இருந்தன. அப்போது நாக்குகள் இரண்டும் மூன்றுமாக இருந்தன.

'அட டப்பா!' என்று மனசு அடித்துக்கொண்டது. தம்பியை மெஷின் முன்னால் கற்பனை செய்து பார்த்தாள். அம்மாவின் முகத்தைக் கற்பனை செய்யாமல் தவிர்த்தாள். பேனா கட்டத்துக்கு அருகில் போனது.

பிறகு நிறுத்தினாள். ஒரு பக்கத்தை மட்டும் அளந்துவிட்டு டிக் போடுகிறவள் இந்த அறையில் பன்னிரண்டு வருடம் இருந்திருக்க முடியாது.

காடிகளை அளந்தாள். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நூறில் பதினாலு பங்கில் இருந்து இருபதுவரை அனுமதி.

பதினாலு. பதினாலு. பதினாலு. பதினைந்து. பதினாலு.

போன லாட்டில் பதினேழும் பதினெட்டுமாக இருந்தவை. இவையும் வரைபடத்துக்குள்தான். எல்லாம் கீழ் ஓரத்தில்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். நாக்கு தடித்திருக்கிறது. காடி குறுகியிருக்கிறது. நடுவில் இருந்த இடைவெளி பாதியாகியிருக்கிறது. அந்த இடைவெளி சும்மா இல்லை. பிளாஸ்டிக் ஆறும்போது லேசாக முறுக்கிக்கொள்ளும். நான்கு நாக்கில் ஒன்று மயிரிழை சாய்ந்து நிற்கும். எல்லா ஃப்ரேமும் அப்படி இல்லை, நாலில் ஒன்று. அந்தச் சாய்வைப் பொறுத்துக்கொள்ளத்தான் அந்த இடைவெளி. இப்போது பொறுத்துக்கொள்ள இடம் இல்லை. அதனால் நாற்பதில் பதினொன்று. வரைபடம் போட்டவர், இரண்டு செக்‌ஷனும் ஒரே சமயத்தில் ஆளுக்கொரு ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு நிற்கும் என்று எங்கே கண்டார்?

எப்படிச் சிக்குகிறது என்பது புரிந்துவிட்டது. நாக்கு ஏன் தடித்தது, காடி ஏன் குறுகியது என்பது மட்டும்தான் பாக்கி. காகிதத்தை எடுத்துக்கொண்டு எல்லைக்குப் போனாள்.

*

டப்பாவை முதலில் பிடித்தாள்.

"நாக்குத் தகட்டை மாத்தினியா?"

அவன் முகத்தில் குற்ற உணர்ச்சி வரும் என்று எதிர்பார்த்தாள். பெருமை வந்தது.

"கண்டுபிடிச்சிட்டியா? சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். ஸ்டோர்ல இருக்கிற தகட்டுலயே தடிமன் மேல் அளவுல இருக்கறதா பொறுக்கிப் பொறுக்கி எடுக்கச் சொன்னேன். வரைபடத்துக்குள்ளதான்க்கா! ஒரு நூல்கூட வெளியில இல்ல."

"எதுக்குடா?"

"ஆடுதே. அந்த ஆட்டத்தைக் குறைக்கத்தான். மாமா செய்யப் போறாரா என்ன? காடியில கை வெக்கணும்னா அவருக்குக் கட்டர் மாத்தணும், செட்டிங் மாத்தணும், சோம்பேறித்தனம். சரி, நம்ம பக்கத்துல நாமளே முடிச்சுடலாம்னு..."

"யாரு சோம்பேறி?" எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்தபடி எல்லையைத் தாண்டி வந்துகொண்டிருந்தார் இரும்பு.

"நீங்க காடியை என்ன பண்ணீங்க?" என்றாள் அவள், திரும்பாமலே.

இரும்பு நின்றார். அவர் முகத்திலும் அதே பெருமை உதித்தது. "பார்த்துட்டியா? கட்டரைச் சாணை பிடிச்சு, கீழ் அளவுக்குக் கொண்டு வந்தேன். ரெண்டு நாள் வேலை. நானே நின்னு பண்ணினேன். மச்சான் செய்வானா? தகட்டுக் கட்டை ஒவ்வொண்ணா அளந்து பொறுக்கற பொறுமை அவனுக்கு ஏது? அதான் நாமளாவது ஆட்டத்தைக் குறைக்கலாம்னு..."

பேச்சு நடுவில் நின்றது. மாமனும் மச்சானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினைந்து வருடத்தில் இருவரும் ஒரே சமயத்தில் வாயடைத்து நின்றது அதுதான் முதல் முறை.

"ரெண்டு பேரும் ஒரே காரியத்தைப் பண்ணியிருக்கீங்க" என்றாள் அவள். "தனித்தனியா. ஒருத்தருக்கொருத்தர் தெரியாம. இந்த லாட்லதான் ரெண்டும் முதல் தடவையா சந்திச்சிருக்கு. ஏன்? ஆடுதுன்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க? எந்தக் காகிதத்துல வந்துச்சு? யார் கையெழுத்து?"

டப்பா மாமாவைப் பார்த்தான். மாமா கூரையைப் பார்த்தார்.

"கேக்கறேன்ல? யாரு?"

"நீதான்க்கா" என்றான் டப்பா.

"நானா?"

"மூணு மாசம் முன்னாடி, ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். உங்க வீட்டுல எல்லாரும் சாப்பிட்டுட்டு இருந்தோம். நீ சொன்ன, 'நம்ம பிஸ்டலைக் கையில எடுத்து ஆட்டினா கிலுகிலுப்பை மாதிரி சத்தம் போடுது, யாராவது வாங்கறவங்க முன்னாடி ஆட்டினா எனக்கு வெக்கமா இருக்கு'ன்னு."

அவளுக்கு நினைவு வந்தது. சாப்பிட்ட தட்டு, ஜன்னல் வெளிச்சம், கிலுகிலுப்பை என்று சொல்லிவிட்டுக் கையை ஆட்டிக் காட்டியது, எல்லோரும் சிரித்தது. அவளும் சிரித்தது. பேச்சு அதற்கப்புறம் வேறு எங்கோ போய்விட்டது. போகாமல் இரண்டு பேர் மட்டும் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

"அது சும்மா பேச்சு!"

"நீ சொன்னதை நான் எப்பவாவது சும்மா பேச்சுன்னு விட்டிருக்கேனா?" என்றார் இரும்பு. அவர் குரலில் கிண்டலே இல்லை, அதுதான் அவளை மிகவும் சங்கடப்படுத்தியது.

அவள் கையில் இருந்த காகிதத்தைச் சுருட்டினாள்.

"சரி" என்று இரும்புதான் ஆரம்பித்தார். "என் பேருக்கு டிக் போட்டுடு. பெரியவன் நான். கட்டரைக் கேக்காம மாத்தினது தப்பு."

"சும்மா இருங்க மாமா. உங்க முட்டியோட மெஷின்ல நின்னா ரெண்டாம் நாள் உங்களையே வைஸ்ல மாட்டித்தான் நிக்க வெக்கணும். அக்கா, என் பேரு. சின்ன வயசு, தாங்குவேன்."

"தியாகியைப் பாரு. உங்கம்மா என் வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க."

"உங்கம்மா வந்தா நிக்க மாட்டாங்க, உக்காந்துடுவாங்க!"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க" என்றாள் அவள். "நேத்துவரைக்கும் அவன் தப்பு இவர் தப்புன்னு அடிச்சுக்கிட்டீங்க. இன்னிக்கு என் தப்பு என் தப்புன்னு அடிச்சுக்கறீங்க. ரெண்டுமே பொய். பழைய கட்டர் இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"புதைச்ச நாக்கைப் பிடுங்க முடியாது. காடியை அகலப்படுத்தலாம். இன்னும் கறுப்புப் பூச்சுக்குப் போகல. மத்த இருபத்தொம்பதையும் அப்புறம் திறக்கலாம், முதல்ல பதினொண்ணையும் பழைய அளவுக்குத் திறந்து கொடுங்க. பத்தரைக்குள்ள."

"பார்த்தீங்களா மாமா, தப்பு சமம், வேலை மட்டும் உங்களுக்கு" என்றான் டப்பா. ஆனால் ஸ்லைடுகளை எடுத்துக் கொடுக்க அவனே கூடப் போனான்.

*

சுட்டுப் பார்க்கும் கூடம் கட்டடத்தின் பின்புறம். அங்கே இருந்தவருக்கு டமால் என்று பெயர். இருபது வருடம் காதை மூடிக்கொண்டு வேலை பார்த்ததில், காதைத் திறந்திருக்கும்போதும் கத்தித்தான் பேசுவார்.

பதினொன்றும் வந்தன. ஒவ்வொன்றிலும் ஐம்பது குண்டு சுட்டார். ஒன்றுகூட நிற்கவில்லை. கடைசிப் பிஸ்டலைக் காலி செய்து, காட்டி, மேசையில் வைத்தார்.

அவள் அதை எடுத்து ஆட்டினாள். கிலுகிலு.

"இந்தச் சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இல்லையா?"

"என்னது?"

"இந்த ஆட்டம்!"

"ஆடினா எனக்கென்ன?" என்று கூரை அதிரச் சொன்னார் டமால். "குறி பார்க்கற முள்ளு ரெண்டும் ஸ்லைடு மேல இருக்கு. குழலும் ஸ்லைடும் பூட்டிக்கிட்டு நிக்குது. கீழ ஃப்ரேம் டான்ஸ் ஆடினாலும் குண்டு போற இடத்துக்குத்தான் போகும். அழுக்கு போகறதுக்கும் கொஞ்சம் இடம் வேணுமில்ல? இது ஆடலைன்னாதான் எனக்குப் பயம். யாரு கம்ப்ளெயின்ட் பண்ணது?"

"நான்தான்."

"என்னது?"

"நான்!"

"நீங்களா?" டமாலின் குரல் எல்லையைத் தாண்டி இரண்டு கூடத்துக்கும் கேட்டது. "கிலுகிலுப்பைன்னு யாரோ சொன்னதா ரெண்டு கூடத்துலயும் பேசிக்கிட்டாங்களே, அது நீங்கதானா? அட, அளவு பார்க்கறவங்க காதால கேட்டா அளப்பாங்க?"

இரண்டு கூடத்திலும் எங்கோ யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை.

*

ஐந்து மணிக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது அவள் கடிகாரத்தின் அறைக்குள் போனாள். மேசையில் முதலில் முத்திரையை வைத்தாள். பிறகு படிவத்தை வைத்தாள்.

கடிகாரம் முத்திரையைப் பார்த்தார். "அப்போ டிக் போடலையா?"

"போட்டிருக்கேன் சார்."

படிவத்தைத் திருப்பினார். இரண்டு கட்டமும் காலி. அவற்றுக்குக் கீழே ஸ்கேல் வைத்து நேராக மூன்றாவதாக ஒரு கட்டம் வரையப்பட்டிருந்தது. பக்கத்தில் 'ஆய்வறை' என்று எழுதி, கட்டத்துக்குள் டிக். அதன் கீழ், காரணம் என்ற இடத்தில்:

'வரைபடத்தில் இல்லாத ஒரு விருப்பத்தை ஆய்வறைத் தலைவி, வேலை நேரத்துக்கு வெளியே, இரண்டு செக்‌ஷன் தலைவர்களிடமும் வாய்மொழியாகச் சொன்னது. இரு செக்‌ஷனும் வரைபட அளவுக்குள் நின்றே அதை நிறைவேற்றியது. இரண்டு மாற்றமும் சேர்ந்ததால் இடைவெளி பாதியாகக் குறைந்தது. சரி, சரியில்லை என்று மட்டும் பார்த்ததால் ஆய்வறை இதைக் கவனிக்கவில்லை. காடி பழைய அளவுக்கு மாற்றப்பட்டது. பதினொன்றும் சுட்டுப் பார்த்துத் தேறின. அளவுகள் இணைப்பில்.'

இணைப்பில் எண்பது வரி எண்கள் இருந்தன. கடிகாரம் ஒன்றுவிடாமல் பார்த்தார். பார்த்து முடித்தபோது மணி ஐந்து பன்னிரண்டு. அவர் கவனிக்கவில்லை.

"வேலை நேரத்துக்கு வெளியேன்னா?"

"சாப்பிடும்போது சார்."

"உங்க வீட்டுல சாப்பிடும்போது வேற ஏதாவது சொல்லியிருக்கீங்களா? கூரை ஒழுகுதுன்னு, மெஷின் கலர் நல்லா இல்லைன்னு? இப்பவே சொல்லிடுங்க, போய்ப் பார்த்துடறேன்."

அவள் முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சின்னதாக அது எப்போதும் தெரிந்ததில்லை.

கடிகாரம் நாற்காலியில் சாய்ந்தார். "நீங்க தம்பி பேரைப் போட்டிருந்தா, வீட்டுக்காரரைக் காப்பாத்தறீங்கன்னு நினைச்சிருப்பேன். வீட்டுக்காரர் பேரைப் போட்டிருந்தா, நேர்மைன்னு காட்டிக்கறீங்கன்னு நினைச்சிருப்பேன். ரெண்டுக்கும் பதில் தயாரா வெச்சிருந்தேன். இதுக்கு இல்ல." படிவத்தை ஒரு தடவை தட்டினார். "வெளியாள் வந்திருந்தா கேஜ் போட்டுப் பார்த்திருப்பான், எல்லாம் சரின்னு எழுதியிருப்பான். இந்தப் பதினொண்ணைத் தள்ளி வெச்சிட்டு மிச்சத்தை அனுப்பியிருப்போம். அதனால முத்திரை உங்ககிட்டயே இருக்கட்டும்."

அவள் மூச்சு விட்டாள்.

"அவசரப்படாதீங்க. தப்பு நடந்த செக்‌ஷனுக்கு விதி ஒண்ணுதானே? மூணு மாசம் உங்களுக்கும் உண்டு. உங்களை மெஷினுக்கு அனுப்ப முடியாது, உங்க மேசையில மெஷின் இல்ல. அதனால, இனிமே எல்லா அளவையும் எண்ணா எழுதணும். எழுதின பக்கத்தை மத்த செக்‌ஷன் தலைவர்கள் படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடணும். அப்புறம்தான் முத்திரை."

"எந்தத் தலைவர்கள் சார்?"

கடிகாரம் வந்த நாலு மாதத்தில் முதல் முறையாகச் சிரித்தார். "எனக்குத் தெரிஞ்சு ரெண்டு பேர்தான் இருக்காங்க."

*

திங்கட்கிழமை காலை. காடி சரி செய்த அடுத்த நாற்பதும் மேசையில் வரிசையாக இருந்தன. ஒன்றும் சிக்கவில்லை. அவள் அளந்து எழுதிய பதிவேடு திறந்திருந்தது.

மாமனும் மச்சானும் சலவைச் சட்டையில் வந்தார்கள். இருவர் பையிலும் புதுப் பேனா.

"வணக்கம் மேடம்" என்றான் டப்பா. "பார்வையிட வந்திருக்கோம்."

"சீக்கிரம் போடுங்க, வேலை இருக்கு."

"போடறதுக்கு என்ன?" இரும்பு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டினார். "மேனேஜர் படிச்சுப் பார்த்துப் போடச் சொல்லியிருக்கார். படிக்காமப் போடறது நேர்மையா? என்ன மச்சான்?"

"கூடவே கூடாது மாமா. வாய் விட்டுப் படிங்க, நானும் கேக்கணும். அக்கா, நீ நிக்கலாமே, அதிகாரிங்க உக்காந்திருக்கும்போது..."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணாவது ஸ்லைடு, இடது காடி, இரண்டு புள்ளி ஒண்ணு ஏழு" என்று இரும்பு செய்தி வாசிப்பவர் குரலில் ஆரம்பித்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் டப்பா கண்ணை மூடித் தலையாட்டினான். வாசலில் இரண்டு கூடத்து ஆட்களும் வேலை இருப்பது போலப் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

முப்பத்தேழாவது ஸ்லைடு வந்தபோது இரும்புக்குத் தும்மல் வந்தது. கர்ச்சீப்பை எடுத்து நிதானமாக மூக்கைத் துடைத்துக்கொண்டார். விரல் எந்த வரியில் இருந்தது என்று பதிவேட்டில் தேடினார்.

"விட்டுப்போச்சே" என்று வருத்தப்பட்டுவிட்டு, முதல் பக்கத்தைத் திருப்பினார். "ஒண்ணாவது ஸ்லைடு, இடது காடி..."